முன்பாதி கோதண்டம், பின்பாதி ஜேசுராஜ்

என் வீட்டுக்காரர் ஜேசுராஜ் கடலில் போனவர் இல்லை. மெரினாவுக்குக் கூட்டிப்போனால்கூடக் கால் நனைக்காமல் சுண்டல் மட்டும் தின்றுவிட்டு வருகிற ஆள். அப்படிப்பட்டவர் கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு நடு அறையில் மூன்று பாய்மரம் வைத்த கப்பல் கட்டுகிறார் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அவர் அதைக் கட்ட உட்கார்ந்தது என்னுடைய கட்டிங் டேபிளில். நான் ஜாக்கெட் தைக்கிறவள். டேபிள் போனதும் தரையில் பாய் விரித்துக் குனிந்து துணி வெட்ட வேண்டியதாயிற்று. அதனால் என் சிரிப்பு ரொம்ப நாள் தாங்கவில்லை.

அவர் பூந்தமல்லி டிப்போவில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவடியில் பிறந்து, பத்தாவதைத் தட்டுத் தடுமாறி முடித்து, கொஞ்ச நாள் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டி, பிறகு பஸ்ஸில் ஏறியவர்தான். ஓய்வு பெறும்வரை இறங்கவே இல்லை. இறங்கின பிறகும் அவருக்குள் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றுகொண்டே சாப்பிடுவார். டி.வி.யை நின்றுகொண்டே பார்ப்பார், அதுவும் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் மாதா கோயில் வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. "முன்னாடி அவ்ளோ எடம் காலியா கீது, உள்ள போங்க, உள்ள போங்க" என்று குரல் கொடுத்துவிடுவார். ஒருமுறை சாமியாரே பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், அந்த விசிலைத் தவிர. ஓய்வு பெற்ற பிறகும் அது அவர் கழுத்தில் தொங்கும். அடுப்பில் பால் பொங்கினால் "ஜெயசீலி" என்று கூப்பிட மாட்டார், ஒரு விசில் அடிப்பார். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் கிளம்பு. கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது நான் பூ வைத்துக்கொண்டிருந்தால் வாசலிலிருந்து இரண்டு விசில் வரும். அதைப் பிடுங்கிக் கிணற்றில் போடவேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. ஆனாலும் அதை ஒருநாளும் என் கையால் தொட்டதில்லை.

லண்டனில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ஜெர்வின், அப்பா வீட்டில் நின்றுகொண்டே இருப்பதைப் பார்த்து, இவரை எப்படியாவது உட்கார வைக்க வேண்டும் என்று ஒரு காரியம் செய்தான். மாதச் சந்தா கட்டிவிட்டான். மாதாமாதம் ஒரு பெட்டி வரும். அதில் கப்பலின் கொஞ்சம் பாகமும், எப்படிச் சேர்ப்பது என்று படம் போட்ட புத்தகமும் இருக்கும். அந்த மாதத்து வேலையை முடிப்பதற்குள் அடுத்த பெட்டி வந்துவிடும். அடுத்த பெட்டியில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. கப்பலின் பெயரும் எங்கள் வாயில் நுழையவில்லை. முதல் பெட்டியில் என் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பீரங்கி வந்தது. இவர் அதைப் பூசை மாடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். மாதா மாடத்தில் பீரங்கி வைத்த வீடு அம்பத்தூர் வட்டாரத்திலேயே எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

முதுகெலும்பு மாதிரி ஒரு நீளப் பலகை, அதில் குறுக்கே விலா எலும்புகள் என்று கப்பல் வளர்ந்தது. என் டேபிளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் இவர் பாரிவாக்கம் போய்விட்டு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பாரிவாக்கத்தில் இருப்பவர் கோதண்டம் அண்ணன், இவருடைய டிரைவர். பரம்பரையாக நெல் போட்ட குடும்பம். இப்போது நிலத்தில் பாதி பிளாட்டாகிவிட்டது. டிப்போவில் இவர்கள் இரண்டு பேரையும் ஒரே செட்டாகப் போட்டார்கள், கடைசிவரை பிரிக்கவில்லை. டிரைவருக்குக் கண்டக்டர் என்பது கண்ணாடியில் தெரியும் ஒரு முகம். கண்டக்டருக்கு டிரைவர் என்பது ஒரு பிடரி. அப்படியே பேசி, சிரித்து, சண்டை போட்டு அவர்கள் காலம் ஓடிவிட்டது. அண்ணன் தன் சர்வீஸில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடித்ததில்லை. அதற்காக அவருக்கு மெடல் கொடுத்தார்கள். அந்த மெடலை மட்டும் அவர் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருந்தார்.

ஓய்வு பெற்ற மறு வருஷமே அவர் மனைவி முத்தம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் எங்கும் போவதில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

"வண்டி எதுனா கிட்ட வந்தா வலது காலு தரைய அமுக்குது ஜெயா" என்றார் இவர். "பிரேக்கு. அவன் அங்க குந்திகினு பிரேக் புடிச்சிகினு கீறான்."

அடுத்த தடவை போனபோது இவர் சும்மா பேசிவிட்டு வரவில்லை. "அண்ணாத்தே, ஊட்ல கப்பல் கட்டிகினு கீறேன். டிரைவர் இல்லாத வண்டி எப்டி ஓடும்? வா" என்று கையோடு அழைத்து வந்துவிட்டார்.

அப்படித்தான் கோதண்டம் அண்ணன் வர ஆரம்பித்தார். வரும்போது வீட்டுக் கொல்லையிலிருந்து முருங்கைக்காயோ கீரையோ பையில் கொண்டுவருவார். "தங்கச்சி, இத்த சாம்பார்ல போடு" என்று என்னிடம் கொடுத்துவிட்டு நேராகப் போய்க் கப்பலின் முன்முனையில் உட்கார்ந்துகொள்வார். முன்பக்கத்தை யாரும் தொடக்கூடாது. பின்பக்கம் இவருடையது. அதில் இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படவில்லை. டேபிளின் இரண்டு முனையில் இரண்டு பேர், தலை நிமிராமல் வேலை. அண்ணன் அழுத்தித் தேய்க்கும்போது டேபிள் ஆடினால் இவர் ஒரு விசில் கொடுப்பார், அண்ணன் நிறுத்துவார். இரண்டு விசில் கொடுத்தால் மறுபடி தேய்ப்பார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. என் முதுகு வலித்தாலும் நான் டேபிளைக் கேட்கவில்லை.

பிறகு மெல்லிய மரப்பட்டிகள் வந்தன. வெள்ளை மரம், கப்பல் நீளத்துக்கு இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, விலா எலும்பின் மேல் வரிசை வரிசையாக ஒட்ட வேண்டும். படத்தில் ஒரே பட்டியை முன்முனையிலிருந்து பின்முனை வரைக்கும் முழுதாக ஒட்டியிருந்தது. இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வொரு பட்டியையும் நடுவில் இரண்டாக நறுக்கினார்கள். முன்பாதி டிரைவருக்கு, பின்பாதி கண்டக்டருக்கு. உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

நான் சும்மா இருக்கவில்லை. கோடு போட்ட துணியில் இரண்டு பாதியைச் சேர்த்துத் தைத்துத் தைத்துக் கை பழகியவள். "ரெண்டு பேரும் ஒரே பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க, இல்லன்னா நடுவுல கோடு சேராது" என்றேன். ஏனென்றால் அண்ணன் மேலேயிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் சீட் உயரத்தில் இருப்பது அல்லவா, அவர் கண்ணுக்கு மேல்வரிசைதான் முதலில் பட்டது. இவரோ கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தார். இவருக்கு எப்போதும் படிக்கட்டில்தான் கண்.

"தங்கச்சி, மேல்வயியா போனாலும் கீவயியா போனாலும் பூந்தமல்லிதானே போவுது?" என்றார் அண்ணன்.

"ரூட்டு எங்களுக்குத் தெரியும் ஜெயா" என்றார் இவர்.

சரி, போங்கள் என்று நான் என் தையலைப் பார்த்தேன். முதலில் ஒரு பக்கத்தை ஒட்ட ஆரம்பித்தார்கள். மேலேயிருந்து வந்தவரும் கீழேயிருந்து வந்தவரும் பாதி உயரத்தில் சந்தித்த அன்றைக்குத்தான் தெரிந்தது. முன்பாதி வரிசையும் பின்பாதி வரிசையும் சேரவில்லை. அரைப் பட்டி அளவுக்கு ஏறியும் இறங்கியும், நடுவில் படிக்கட்டு மாதிரி நின்றது. இரண்டு பேரும் முதல்முறையாகத் தங்கள் முனையை விட்டு எழுந்து நடுவில் வந்து நின்று பார்த்தார்கள்.

"அண்ணாத்தே, உன் வரிச கீய எறங்கிட்ச்சி."

"எம்மேல போடாத மாமே. நான் நேரா வந்துகினு கீறேன். நீதான் மேல ஏத்திட்ட."

"ரோட்டப் பாக்கறது டிரைவர் வேல."

"இடிக்கறதுக்கு முன்னாடி விசில் குடுக்கறது கண்டக்டர் வேல. இன்னா பண்ணிகினு இருந்த, தூங்கினியா?"

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்புதான். தினமும் நடக்கிற கூத்து. ஆனால் தூங்கினாயா என்றதும் இவருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிட்டது. "நான் பின்னாடி கண்ணு முயிச்சிகினு விசில் குடுத்ததாலதான் உனுக்கு அந்த மெடலு. இல்லன்னா எத்தினி பேரு மேல வண்டிய ஏத்தியிருப்பியோ!" என்று சொல்லிவிட்டார்.

 அண்ணன் கையில் ஒட்டியிருந்த பசையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காலிப் பையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மட்டும் "வரேன் தங்கச்சி" என்றார். வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை.

"அவனே வருவான் பாரு" என்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். கேட் சத்தம் கேட்டால் தலை திரும்பும். கீரைக்காரி பொன்னியம்மாவாக இருக்கும். கப்பலை என் பழைய புடவையால் மூடி வைத்துவிட்டார். விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். வீடு அமைதியாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் வேண்டிக்கொண்ட அமைதி. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. இவரும் அந்தக் கூட்டத்தோடு வாயை மூடிக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அண்ணனின் மருமகள் ஜெயப்பிரியா ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாள். "மாமா பயையபடி சேர்ல குந்திகினு கீறாரு ஆன்ட்டி" என்றாள். "நடுவுல நல்லாதான் இருந்தாரு. இப்ப சைக்கிள் வந்தாகூட கால அமுக்கறாரு. கேட்டா, ஒண்ணுமில்லன்றாரு." இவர் அடுத்த அறையில்தான் இருந்தார். கேட்டிருப்பார். எழுந்து வரவில்லை.

அந்த வாரம் மாதப் பெட்டி வந்தது. "தொறக்காத, அப்டியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். திறக்காதே என்றால் திறக்காமல் இருக்க நான் என்ன மரமா? திறந்தேன். உள்ளே மறுபடியும் மரப்பட்டிகள். ஆனால் இவை காகிதம் மாதிரி மெல்லியவை, நல்ல காப்பிக்கொட்டை நிறம். புத்தகத்தில் இங்கிலீஷ் எனக்குப் புரியாது, படம் புரிந்தது. படத்தில் ஒரு வெள்ளைக்காரர் கப்பல் கட்டியிருந்தார். அவருடைய வெள்ளைப் பட்டிகளிலும் இடுக்கு, மேடு, பள்ளம். அவர் சாவகாசமாக அதன்மேல் சுவருக்குப் பூசுகிற மாதிரிப் புட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். அடுத்த படத்தில் இந்தக் காப்பிக்கொட்டைப் பட்டிகளை அந்த வெள்ளை மரத்தின் மேலேயே முழுக்க ஒட்டி மூடிவிட்டார். அடியில் இருந்தது எதுவுமே தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன். "வாங்க, வந்து பாருங்க. ரெண்டு கிழமும் சண்டை போட்டது எதுக்குத் தெரியுமா? லைனிங் துணிக்கு! மேல் துணி இப்பத்தான் வந்திருக்கு!"

இவர் படத்தைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே கோணிப்போயிற்று. "கப்பலுக்கு மேல இத்த ஒட்டிக்கலாம் ஜெயா. நான் பேசனதுக்கு மேல எத்த ஒட்றது?" என்றார். முத்தம்மாள் சாவுக்குக்கூட அழாதவர், என் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஒட்ட ஒண்ணும் இல்ல. நேர்ல போய்த் தப்புன்னு சொல்லுங்க" என்றேன்.

"வெறுங்கையோட போனா என் மூஞ்ச பாக்க மாட்டான்."

"அப்ப கப்பலைத் தூக்குங்க."

மறுநாள் காலை கப்பலைப் புடவையோடு சுற்றி, ஆளுக்கொரு முனையாகத் தூக்கினோம். முன்முனையை நான் பிடித்தேன். ஷேர் ஆட்டோவில் அம்பத்தூர் வந்து பூந்தமல்லி பஸ் ஏறினோம். கண்டக்டர் இளவட்டம், சட்டையில் ஸ்ரீகாந்த் என்று பேட்ஜ். "இன்னா பெருசு இது, பொணம் மாதிரி சுத்தினு வர்ற?" என்றான். சரி பரவாயில்லை, ஓரமாக வைத்துக்கொள் என்று விட்டுவிடப் பார்த்தான். இவர் விடுவாரா? "லக்கேஜ் டிக்கெட் போடு தம்பி. செக்கிங் வந்தா மாட்டப்போறது நீதான்" என்று வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். வழியெல்லாம் மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்டிருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் என் மடியில் கப்பல் ஏறி இறங்கியது. ஒரு ஸ்டாப்பில் கூட்டம் படியில் அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்ரீகாந்த் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்துவிட்டார். "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல அவ்ளோ எடம் கீது. கப்பல இடிக்காம போங்க!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. கோயில் வாசலில் தொலைந்த குரல் திரும்பி வந்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.

பூந்தமல்லியில் ஆட்டோ பிடித்துப் பாரிவாக்கத்தில் இறங்கியபோது கோதண்டம் அண்ணன் அந்தச் சேரில்தான் இருந்தார். ஆட்டோ கிட்ட வந்ததும் அவர் வலது கால் தரையை அழுத்தியதை நானே பார்த்தேன். எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுந்து உள்ளே போகவில்லை. அதுவரைக்கும் நல்லது.

இவர் கப்பலைப் பிடித்தபடியே வெயிலில் நின்றார். "அண்ணாத்தே, தப்பா பேசிட்டேன். அந்த மெடலு உன்னுது. நான் விசிலுதான் ஊதினேன். பிரேக்குல காலு வெச்சது நீ. எத்தினியோ குடும்பம் பத்தரமா ஊடு போய் சேந்துது உன்னாலதான். நான் சொன்னது பொய்யி."

அண்ணன் ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "உன் விசிலு இல்லாம நான் வண்டிய நகத்தனதே இல்லடா" என்றார்.  உடனே ஒரு அதட்டல். "தங்கச்சிய வெயில்ல நிக்க வெச்சிகினு பேசினு கீற. உள்ள எடு கப்பல."

ஹாலில் ஜெயப்பிரியா டைனிங் டேபிளைத் துடைத்துக் கொடுத்தாள். நான் புத்தகத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். "லைனிங்குக்கா மாமே நம்ம இத்தினி நாளு பேசாம இருந்தோம்!" அன்றிலிருந்து கப்பல் பாரிவாக்கத்தில்தான் இருக்கிறது. இவர்தான் போய் வருகிறார். பாய்மரமும் கயிறும் இன்னும் வர வேண்டிய பெட்டிகளில் இருக்கின்றன. அவசரம் ஒன்றுமில்லை. எனக்கு என் டேபிள் கிடைத்துவிட்டது, முதுகும் நிமிர்ந்துவிட்டது. விசில் மட்டும் பழையபடி அவர் கழுத்துக்குப் போய்விட்டது.

மிச்சமிருந்த பாதியையும் மறுபக்கத்தையும் வெள்ளைப் பட்டியால் ஒட்டி, மேட்டையும் பள்ளத்தையும் சரிசெய்யச் சில நாள் பிடித்தது. முதல் காப்பிக்கொட்டைப் பட்டியை ஒட்டிய அன்றைக்கு என்னையும் வரச் சொன்னார்கள். இந்தத் தடவை நறுக்கவில்லை. முழுப் பட்டி. ஒருத்தரால் முடியாத வேலை. இரண்டு முனையையும் இரண்டு பேர் இழுத்துப் பிடித்து, ஒரே நேரத்தில் கப்பலின் மேல் இறக்க வேண்டும். ஒருவர் முந்தினால் கோணிவிடும். அதற்காக இரண்டு பேரும் தலை நிமிர்ந்தார்கள். கண்ணாடியும் இல்லை, பிடரியும் இல்லை. எதிரெதிரே இரண்டு முகம், நடுவில் ஒரு பட்டி.

"இன்னா மாமே, இவ்ளோ கெயவனாயிட்ட?" என்றார் அண்ணன்.

"நீ மட்டும் இன்னா?" என்றார் இவர்.

"செரி, பசை காயுது. விசில் குடு."

இவர் குனிந்து கழுத்தைப் பார்த்தார். விசில் தொங்குகிறது. இரண்டு கையிலும் பட்டி. விட்டால் போயிற்று. அண்ணனுக்கும் கை காலி இல்லை. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் போய் அந்தக் கயிற்றைப் பிடித்து விசிலை என் வாயில் வைத்தேன். கிணற்றில் போட நினைத்த விசில். அண்ணனின் வலது கால் டேபிளுக்கு அடியில் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, பலமாக, இரண்டு விசில் கொடுத்தேன்.

பட்டி இறங்கி ஒட்டிக்கொண்டது. அண்ணனின் வலது கால் மெல்ல எழும்பி, பக்கத்தில் நகர்ந்து, ஆக்சிலேட்டர் இருக்கும் இடத்தில் பதமாக இறங்கியது.